வெட்ட முடியாத சிரிப்பு

அன்புள்ள அண்ணாச்சி,

அம்பாசமுத்திரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 70 வயது, காது கொஞ்சம் மந்தம். அம்மா, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், நான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு போன். எல்லாரும் சேர்ந்து சிரிக்க ஏதாவது வேண்டும் என்று 'சிறந்த 50 காமெடிப் படங்கள்' பட்டியல் ஒன்றைப் பிடித்து வரிசையாகப் போட்டேன். துண்டு துண்டாகப் பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்த படங்கள்தான். முழுசாகப் போட்டால் அரை மணி நேரத்தில் அப்பா குறட்டை. சரி, புத்தகமாவது படிப்போம் என்று 'துப்பறியும் சாம்பு' வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நூறு பக்கம் படித்ததில் சலித்துவிட்டது. கோளாறு எங்களிடமா, இதுகளிடமா?

ச.

அன்புள்ள ச.,

பட்டியலைத் தூக்கிப் போடுங்கள், சவத்த. அதைப் போட்டவர் இரண்டு வேறு சரக்கை ஒரே சாக்கில் கட்டியிருக்கிறார்.

நம் படங்கள் பலவற்றில் காமெடி தனித் தடம். கதை ஒருவர் எழுதுவார், காமெடியை இன்னொருவர் எழுதுவார். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை எழுதியவர் ஏ. வீரப்பன். அந்தக் காட்சியை உருவி எடுத்தாலும் படத்தின் காதலும் கரகமும் தம்பாட்டுக்கு நடக்கும். அதனால்தான் டிவிக்காரர்கள் அவ்வளவு சுத்தமாக வெட்டி ஒளிபரப்ப முடிகிறது. நீங்கள் சிரித்தது துண்டுக்கு. முழுப் படம் என்பது அந்தத் துண்டுகளுக்கு இடையே இருக்கிற அழுகையும் சண்டையும். அப்பா குறட்டை விட்டதில் நியாயம் இருக்கிறது.

எனவே ஒரு படத்தைப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சிரிக்க வைக்கிற ஆளைத் தூக்கிவிட்டால் கதை ஓடுமா? ஓடும் என்றால் துண்டே போதும். கதை படுத்துவிடும் என்றால் குடும்பத்தோடு உட்காரலாம்.

'தில்லுமுல்லு' (1981) அப்படிப்பட்டது. மீசை இருந்தால் ஒருவன், இல்லாவிட்டால் அவனுடைய இரட்டைச் சகோதரன் என்று ஒரே ஆள் (ரஜினி) ஏமாற்றுவார். மீசையில்லாதவனை மதிக்காத முதலாளியாகத் தேங்காய் சீனிவாசன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க ஒரு பொய் அம்மா (சௌகார் ஜானகி). பத்து நிமிஷம் எழுந்து போனால் அடுத்த சிரிப்புக்குக் காரணம் தெரியாது. முதல் படமாக இதைப் போடுங்கள். அப்பா, அம்மா, பையன் மூன்று பேருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வரும்.

அடுத்தது 'காதலிக்க நேரமில்லை' (1964). பணக்கார அப்பா என்று ஒரு போலியைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கதையே. நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை நூறு தடவை பார்த்திருப்பீர்கள். இந்த முறை நாகேஷைப் பார்க்காதீர்கள், பாலையாவின் முகத்தைப் பாருங்கள். பயத்தை ஒரே மூச்சில் காட்டாமல் படிப்படியாக ஏற்றுவார். கதை சொல்கிறவரைவிட கேட்கிறவருக்குத்தான் அங்கே வேலை அதிகம்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) உங்கள் பட்டியலில் முதலில் இருந்திருக்கும். அதை முதலில் போட்டது தப்பு. கமல் நடிக்கும் நாலு சகோதரர்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை ஆரம்பப் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். அம்மா அடுப்படியை ஒதுங்க வைத்துவிட்டு வருவதற்குள் அது முடிந்துவிடும். அப்புறம் "இவன் யாருல?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிரேசி மோகன் வசனத்தில் இன்னொரு சிக்கல்: ஒரு சிலேடைக்குச் சிரிக்கும்போதே அடுத்தது போய்விடும். காது மந்தமானவர் பக்கத்தில் இருந்தால் பாதி வீண். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை நிறுத்தி வையுங்கள். டிவி சத்தத்தை ஏற்றுவதைவிட ஒரு சின்ன ஸ்பீக்கரை அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

காது சரியாக ஒத்துழைக்காத நாளில் சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) போடுங்கள். ஒன்றரை மணி நேரம்கூட வராது. தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் கெட்டுப்போகிற காட்சிக்கு மொழி எதற்கு?

அப்பா அரசியல் பேசுகிறவர் என்றால் மலையாள 'சந்தேசம்' (1991). தமிழ்நாட்டில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் தகப்பன், கட்சிக்கு ஒருவராகப் பிரிந்து நிற்கும் இரண்டு மகன்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேட்கிற பாஷைதானே, நமக்குப் பாதி புரியும். மீதிக்கு எழுத்து ஓடும்.

இனி சாம்பு. கோளாறு புத்தகத்தில் இல்லை, நீங்கள் சாப்பிட்ட அளவில். தேவன் (1913–1957) அதை ஆனந்த விகடன் வாசகருக்காக எழுதினார். மனசில் வைத்திருந்தது வாரம் ஒருமுறை மட்டும் சாம்புவைச் சந்திக்கிற ஆளை. அதனால் ஒவ்வொரு கதையிலும் அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமும் திரும்ப வரும். அஞ்சு கதையைச் சேர்த்துப் படித்தால் முடிச்சு எங்கே அவிழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அல்வாவைக் கால் கிலோ வாங்கி ஒரே மூச்சில் தின்றுவிட்டு இனிப்பைக் குறை சொல்லக்கூடாது. ஒரு ராத்திரிக்கு ஒரு கதை, அதுவும் வாய்விட்டு. மனசுக்குள் படித்தால் கண் உரையாடலுக்குத் தாவிவிடும், இடையில் இருக்கிற ஒற்றைச் சொல் கேலி போய்விடும். வேகமாக வாசிக்கிற பையனிடம் கொடுக்காதீர்கள். அம்மா வாசிக்கட்டும். "இப்ப பாரு, சிரிப்பு வரும்" என்று மட்டும் யாரும் முன்னறிவிப்பு செய்ய வேண்டாம்.

அது பழகியதும் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பிள்ளை மேலகரத்துக்காரர், நம்ம பக்கம். சென்னையில் கடவுளையே காபி குடிக்க அழைத்துப் போய், அதில் சிக்கரி கலந்திருப்பதை விளக்குகிறார். தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்டால், யாருடைய ஆயுள் என்று கேட்கிறார் கடவுள். முதல் வாக்கியம் நீளமானது. அவசரப்பட்டால் மூச்சு வாங்கும், நக்கலும் கைவிட்டுப் போகும். காபி ஹோட்டலோடு ஒரு நாள் நிறுத்தலாம். புத்தகம் வாங்கவே வேண்டாம். அவர் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கிறது.

பையனுக்குத் தனியாக வேண்டுமானால் மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', தமிழிலும் உண்டு. எழுதியவரின் புத்தகத்தையே தின்றுவிடுகிற ஆடு அது. கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) நாட்டுப்புறக் கதைகளையும் எடுக்கலாம், ஆனால் அட்டையைப் பார்த்து எடுங்கள். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. தலைப்பு விளையாட்டுக்கு வைத்ததல்ல. நூலகத்தில் நகைச்சுவை என்று கேட்டால் ஜோக்குப் புத்தகத்தைக் காட்டுவார்கள். ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வாசிப்பின் நடுவே பையன் போனை எடுத்தால் சண்டை போடாதீர்கள். ஒரு நாள் சாம்புவை முடிவுக்கு இரண்டு பக்கம் முன்னால் நிறுத்திவிட்டு, புத்தகத்தை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.