பினீசிய எழுத்து சார்ட்: உயிரெழுத்து எங்கே?

உங்கள் பெண்ணின் பள்ளிக் கண்காட்சிக்கான பினீசிய எழுத்து சார்ட்டில் 22 எழுத்துதான் வருகிறது, உயிரெழுத்தே இல்லை, எதையோ விட்டுவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. பினீசியர் என்பவர்கள் இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பழங்காலக் கடல் வணிகர்கள்; அவர்கள் எழுத்து 22-மே மெய்யெழுத்துதான், உயிரொலியை வாசிப்பவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும்.

ஆனால் 'பினீசியர் கண்டுபிடித்தது' என்ற தலைப்பை மாற்றிவிடுங்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எகிப்தின் சினாய் தீபகற்பத்தில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில், எகிப்தியர் டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் வெட்டிய சுரங்கப் பக்கம், செமிட்டிக் மொழி (அரபு, ஹீப்ரு குடும்பம்) பேசியவர்கள் எகிப்தியப் பட எழுத்துகளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அங்கே கிடைத்த சின்ன ஸ்பிங்க்ஸ் சிலையில் வீடு, கண், தார்க்குச்சி, சிலுவை மாதிரி ஒரு குறி என்று நாலு படம். ஒவ்வொரு படத்துக்கும் செமிட்டிக் மொழியில் உள்ள பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்து, 'பாலத்' என்ற பெண் தெய்வத்தின் பெயராக 1916-ல் எகிப்திய எழுத்து அறிஞர் கார்டினர் வாசித்தார். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். பினீசியர் செய்தது, இந்தப் படங்கள் தேய்ந்து வெறும் கோடுகளான வடிவத்தை நிலைப்படுத்திக் கடல் வழியே பரப்பியது.

உயிரெழுத்து கிரேக்கர் வேலை. பினீசியத்தின் சில மெய்யொலிகள் அவர்கள் மொழியில் கிடையாது, அதனால் சும்மா கிடந்த அந்த எழுத்துகளை உயிரொலிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். மாட்டுத்தலைப் படத்திலிருந்து வந்த ஆலெப் என்ற எழுத்து 'ஆல்பா' ஆனது, கண் படத்திலிருந்து வந்த அயின்தான் இன்றைய ஆங்கில வட்ட 'ஓ' (O).

அப்புறம், எழுத்துகளை வலமிருந்து இடமாக அடுக்குங்கள். படம் வேண்டுமென்றால் பிப்லோஸ் என்ற பினீசிய நகரில் கிடைத்த அகிராம் மன்னன் கல் சவப்பெட்டியைப் போடலாம், இப்போது பெய்ரூத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.