ஓடவிட்டதற்கான அடி

அன்புள்ள ஐயா,

லாஸ் ஏஞ்சலஸ் போலீஸிடம் அடிபட்ட கறுப்பின அமெரிக்கர் ரோட்னி கிங் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடித்த போலீஸ்காரர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதற்கு முன் நடந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அவர் குடித்துவிட்டு எட்டு மைல் காரைப் பறக்கவிட்டவர். குறுக்கே யாராவது வந்திருந்தால்? நான் லாரித் தொழிலில் இருப்பவன். குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பவனால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். ஓடியவனைப் பிடித்து மாலையா போடுவார்கள்? அந்த இடத்தில் நின்ற போலீஸின் பயம் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா?

ஒரு வாசகர், நாமக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

என் அறையில் ஏசி இல்லை. மற்றபடி உங்கள் கேள்வி நியாயம்தான். துரத்தலை ஒரு வரியில் முடித்தது என் தவறு.

1991 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 210ஆம் எண் ஃப்ரீவேயில் கிங்கின் வெள்ளை ஹுண்டாய் பறக்கிறது. பின்னால் நெடுஞ்சாலைப் போலீஸ் இருவர், கணவனும் மனைவியும். வேகம் நூறு மைலைத் தாண்டியது என்பது அவர்கள் கணக்கு. கிங் கொள்ளை வழக்கில் சிறை சென்று பரோலில் வெளியே இருந்தவர். குடித்து ஓட்டிப் பிடிபட்டால் மறுபடி உள்ளே போக வேண்டும். அந்தப் பயத்தில் ஃப்ரீவேயை விட்டு இறங்கி ஊருக்குள்ளும் ஓட்டினார். இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்த ஓட்டத்தின் நடுவே காரை இடித்து நிறுத்தியிருந்தால் அந்தக் கட்டுரையே வந்திருக்காது.

ஜார்ஜியாவில் 2001இல் அப்படித்தான் நடந்தது. தப்பி ஓடிய காரைப் போலீஸ் கார் பின்னாலிருந்து முட்டியது. ஓட்டிய 19 வயதுப் பையனுக்குக் கையும் காலும் விளங்காமல் போயின. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் துரத்தலின் வீடியோவைப் பார்த்துவிட்டு, எட்டுப் பேர் ஒரு பக்கம் ஒருவர் மறுபக்கம் என்று போலீஸ் செய்தது சரி என்றது. அந்தப் பையனை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஆனாலும் ஓடுகிற கார் தெருவில் போகிற எல்லோருக்கும் எமன் என்பதை மறுக்க முடியவில்லை.

கிங்கின் கார் நின்றுவிட்டது. நாம் பேசுவது அதற்குப் பிறகு நடந்ததை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்தப்பாவின் செவலைக் காளை கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுச் சோளத்தில் வாய் வைத்தது. இவர் விரட்ட, அது ஏரிக்கரை வரை அலைக்கழித்தது. ஒருவழியாகப் பிடித்து வந்து புளியமரத்தில் கட்டினார். கட்டிய பிறகுதான் சாட்டையை எடுத்தார். அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. "ஓடுவியா? ஓடுவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். சோளத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. சித்தப்பா சாது. அதனால்தான் அது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

உங்கள் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ஹாலிடே என்ற பிளம்பர் பால்கனியிலிருந்து எடுத்த வீடியோவின் ஆரம்பத்தில், படம் கலங்கலாக இருக்கும் சில விநாடிகளில், டேசர் என்ற மின்அதிர்ச்சித் துப்பாக்கி பாய்ந்த பிறகும் கிங் எழுந்து லாரன்ஸ் பவல் என்ற போலீஸ்காரர் பக்கம் ஓடுவது தெரிகிறது. டிவியில் அதை வெட்டிவிட்டுத்தான் போட்டார்கள். 1993இல் மத்திய அரசு தொடர்ந்த இரண்டாவது வழக்கில் தண்டனை விதித்த நீதிபதி ஜான் டேவிஸ் இதையெல்லாம் கணக்கில் எடுத்தார். வீடியோவின் முதல் 55 விநாடிகளில் விழுந்த அடிகள் சட்டத்துக்கு உட்பட்டவை என்றே சொன்னார். பெரும்பாலான அடிகள் அதற்குள்தான். சார்ஜென்ட் ஸ்டேசி கூனும் பவலும் 30 மாதம் சிறை போனது அதற்குப் பிந்தியவற்றுக்காக. 55 விநாடி தாராளம் என்பது என் எண்ணம். ஆனால் பயம் முடிந்து அடி மட்டும் மிஞ்சிய விநாடி எது என்று கடிகாரத்தைப் பார்த்துத் தேடினாரே, அது சரியான தேடல்.

முந்தைய வருடம் லாஸ் ஏஞ்சலஸ் அருகே சிமி வேலியில் நடந்த முதல் விசாரணையில் அந்தத் தேடலே இல்லாமல் போனது. போலீஸ் தரப்பு வக்கீல்கள் வீடியோவைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினார்கள். இதோ உடம்பு அசைகிறது, எழப் பார்க்கிறார், ஆகவே அடுத்த அடி. லத்தி விழுந்தால் உடம்பு துள்ளத்தானே செய்யும்? துள்ளினால் எதிர்ப்பு, எதிர்ப்பு என்றால் இன்னொரு அடி. இப்படி 56 லத்தியடிக்கும் காரணம் கிடைத்துவிடும். முகத்து எலும்பு நொறுங்கி, கணுக்கால் முறிந்து கிடந்தவரின் ஒவ்வொரு வலியும் அவருக்கு எதிரான சாட்சியானது. 1992 ஏப்ரல் 29 அன்று தீர்ப்பு. பவல் மேல் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை, மற்றபடி வழக்கில் நின்ற போலீஸ்காரர்கள் நால்வரும் விடுதலை. அன்று மாலையே நகரம் எரிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இனி அந்தப் பயம். அங்கே கிங்கைச் சுற்றி நின்றது இருபதுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள். அடித்து முடித்த கையோடு பவல் ரோந்துக் காரின் கம்ப்யூட்டரில் சக போலீஸ்காரருக்குத் தட்டிய செய்தி: ரொம்ப நாளாக ஒருவனை இவ்வளவு மோசமாக அடித்ததில்லை. உயிருக்குப் பயந்து கைகால் நடுங்கியவர் தட்டுகிற செய்தியா இது?

பயப்பட உரிமையுள்ள ஒருவர் அங்கே இருந்தார். துரத்தி வந்த தம்பதியில் மனைவி, மெலனி சிங்கர். கார் நின்றதும் துப்பாக்கியை நீட்டியபடி கிங்கைக் கைது செய்ய நெருங்கியவர் அவர்தான். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அவரைப் பின்னுக்கு அனுப்பினார் கூன். 1993 வழக்கில் மெலனியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது போலீஸ்காரர்கள் தரப்பு. கிங்கின் மேல் அடி விழுந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தபோது அவர் அழுதுவிட்டார்.