கிளாரினெட், வயலின், பியானோ மூன்றும் சேர்ந்து வாசிக்க என்ன இருக்கிறது, எங்கே தேடுவது?

சாட்ஸ்வொர்த்தில் உங்கள் மகள் கிளாரினெட், அண்ணன் மகன் வயலின், அவர்களுடைய தோழி பியானோ. மூவரும் இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவர்கள். ‘கிளாரினெட் ட்ரியோ’ என்று தேடினால் வருவதெல்லாம் செல்லோ கேட்கிறது, இல்லையென்றால் வியோலா கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டர்பன் ஓவர்போர்ட்டில் இருக்கிறேன். இதே மூன்று கருவிகள் உள்ள எங்கள் சின்னக் குழுவில் பியானோ என் பங்கு. அதனால் உங்கள் தலைவலி எனக்குப் பழக்கமானதுதான்.

பீத்தோவன் ஓபஸ் 11, பிராம்ஸ் ஓபஸ் 114 இரண்டிலும் செல்லோ (‘ஓபஸ்’, ‘கே.’ என்பவை படைப்பின் பட்டியல் எண்கள்). மொஸார்ட் கே. 498, ஷூமான் ஓபஸ் 132, புரூக் ஓபஸ் 83 மூன்றிலும் வியோலா. வயலின் சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில் அரிது. கிளாரினெட்டும் வயலினும் பெரும்பாலும் ஒரே ஸ்தாயியில் சுற்றுகிறவை; நடுவில் நின்று பாட ஆள் இல்லை, கீழே தாங்க பியானோவின் இடது கை ஒன்றுதான். குரல்கள் கலந்து குழைய வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கூட்டணி ஒத்துவரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூர்மையும் உரசலும் பிடித்த அடுத்த தலைமுறைக்கு அதே குறைதான் சுவை. ஆகவே முதல் உலகப் போருக்குப் பிந்தைய இசையில் தேடுங்கள், நேரம் மிச்சம்.

தொடக்கப் புள்ளி ஸ்ட்ராவின்ஸ்கி. ‘படைவீரனின் கதை’யை 1918இல் ஏழு கருவிகளுக்கு எழுதினார். அதற்குப் பணம் கொடுத்தவர் வின்டர்தூரைச் சேர்ந்த வெர்னர் ரைன்ஹார்ட் என்ற வணிகர். பணக்காரர், கூடவே ஆசைக்குக் கிளாரினெட் வாசிப்பவர். அவருக்கு நன்றியாக 1919இல் அதே இசையிலிருந்து ஐந்து பகுதிகளை எடுத்து இந்த மூன்று கருவிகளுக்கு மாற்றிக் கொடுத்தார். மூலத்தில் பியானோவே கிடையாது! டபுள் பாஸ், பஸ்ஸூன், கார்னெட், ட்ராம்போன், தாளக் கருவிகள் எல்லாவற்றின் வேலையும் பியானோக்காரர் தலையில் விழுகிறது. தாளக் கணக்கு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். உங்கள் தோழிப் பெண்ணுக்குத் துணிச்சல் இருந்தால் கொடுங்கள். முதல் துண்டாக வேண்டாம்.

முதல் துண்டு மியோ. தாரியுஸ் மியோவின் ‘ஸ்வீட்’ (Suite, சின்னத் துண்டுகளின் தொகுப்பு), ஓபஸ் 157பி, 1936. நாடக ஆசிரியர் ஜான் அனுய்யின் ஒரு நாடகத்துக்குப் போட்ட இசையிலிருந்து எடுத்தது. நான்கு பகுதிகள், சுமார் 12 நிமிடம். மூன்றாவது பகுதியில் பியானோ வாயே திறக்காது, வயலினும் கிளாரினெட்டும் மட்டும் விளையாடும். பயிற்சிக்கு இது பெரிய வசதி: தோழி வராத நாளிலும் இவர்கள் இருவரும் வீட்டிலேயே சுருதி சேர்த்துப் பழகலாம். சபைக்கும் பிடிக்கும். இந்த வகை இசை கேட்டே பழகாத மாமாக்கள், அத்தைகள் வந்து உட்கார்ந்தாலும் நெளிய மாட்டார்கள். அனுய்யின் இன்னொரு நாடகத்துக்கு 1947இல் பூலாங்க் இதே மூன்று கருவிகளுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள் எழுதினார். நாடகக் கொட்டகைக்கு மூன்று பேர் போதும், சம்பளமும் குறைவு என்பதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அண்ணன் மகன் கோயிலில் கர்நாடக வயலின் கற்றுவிட்டு அப்புறம் மேற்கத்திய வயலினுக்கு வந்தவர் என்றும் சொன்னீர்கள். அவருக்குக் கச்சதூரியனின் ட்ரியோ, 1932. மாஸ்கோ கன்சர்வேட்டரியில் மாணவராக இருந்தபோது எழுதியது. முதல் பகுதியில் கிளாரினெட்டும் வயலினும் மாறி மாறி இழுக்கும் அசைவுகளை கர்நாடகக் கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த காது உடனே அடையாளம் கண்டுகொள்ளும். கமகம் மாதிரி இருப்பதெல்லாம் இங்கே தாளில் எழுதியே இருக்கிறது, மனோதர்மத்துக்கு இடமில்லை. அண்ணன் மகன் கொஞ்சம் திமிறுவார். எழுதியபடி வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது பகுதியில் ஓர் உஸ்பெக் நாட்டுப்புற மெட்டைப் பல விதமாக மாற்றி வாசிப்பது வரும். எனக்கு இந்த மூவர் வரிசையில் மிகப் பிடித்தது இதுதான்.

பார்டோக்கின் ‘கான்ட்ராஸ்ட்ஸ்’ (1938) பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மேனுக்காகவும் வயலின்காரர் யோசெஃப் சிகெட்டிக்காகவும் எழுதியது. அற்புதம், ஆனால் இப்போது வேண்டாம். பி ஃப்ளாட் கிளாரினெட்டோடு ஏ கிளாரினெட்டும் வேண்டும், அதை வாங்குவது சின்னச் செலவில்லை. கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் வயலினின் நான்கு தந்தியில் இரண்டைச் சுருதி மாற்றி வைத்த இன்னொரு வயலினும் தயாராக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் தேட ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கிய வெர்டெர் ட்ரியோ. கணவர் வயலின், மனைவி கிளாரினெட், கூட ஒரு பியானோ. இந்தக் கூட்டணிக்குப் படைப்புகள் போதாது என்று 200க்கும் மேற்பட்டவற்றைக் கேட்டு எழுதி வாங்கினார்கள். மெனோட்டி, பீட்டர் ஷிக்கெலி எல்லோரும் அதில் உண்டு. அவர்கள் கிரிஸ்டல் ரெக்கார்ட்ஸில் வெளியிட்ட இசைத்தட்டு வரிசையின் உள்ளடக்கத்தைப் பாருங்கள், அதுவே ஒரு பட்டியல். முதலில் கேளுங்கள், பிடித்தால் மட்டும் இசைத் தாளைத் தேடுங்கள். தாளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவது நம் ரேண்டுக்குக் கட்டுப்படியாகாது.

தாள் விஷயத்தில் நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் கொஞ்சம் தாராளம். 1978ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, உயிரோடிருக்கும்போதே வெளியான இசைக்கு இசையமைப்பாளர் இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டு வரைதான் உரிமை, ஐரோப்பாவில் 70. பார்டோக் 1945இலும் ஸ்ட்ராவின்ஸ்கி 1971இலும் இறந்தார்கள், இருவரும் இங்கே எப்போதோ பொதுச் சொத்து. மியோ இறந்தது 1974, ஆகவே 2025 தொடக்கத்திலிருந்து அவரும். கச்சதூரியனுக்கு 2028 முடியும்வரை பொறுக்க வேண்டும், அதுவரை வாங்கித்தான் ஆக வேண்டும். இசைத் தாள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) தளம் கனடாச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அங்கே 2022 கடைசியில் உரிமைக் காலம் 50இலிருந்து 70 ஆண்டாக நீண்டது, அதற்கு முன்பே பொதுச் சொத்தானவை மட்டும் அப்படியே தப்பின. அதனால் பார்டோக்கும் ஸ்ட்ராவின்ஸ்கியும் அங்கே கிடைக்கலாம். மியோ இங்கே பொதுச் சொத்தானாலும் அங்கே எதிர்பார்க்காதீர்கள், சலாபேர் பதிப்பகத்தின் தாளை வாங்குவதுதான் சுலபம். இன்னொன்று: அச்சான பதிப்புக்கும் இங்கே தனியாக 50 ஆண்டு உரிமை உண்டு. பார்டோக் பொதுச் சொத்து என்று போன வருடம் வந்த புதுப் பதிப்பை ஜெராக்ஸ் எடுக்க முடியாது.

எங்கே இறக்கினாலும் மூன்று தனித் தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பியானோ ஸ்கோர் மட்டும் இருந்து, அதில் கிளாரினெட் வரி கேட்கும் சுருதியிலேயே அச்சாகியிருந்தால், பி ஃப்ளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுப்படி கீழே ஒலிப்பதால், மகள் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரு முழுப்படி மேலே ஏற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அண்ணன் மகனுக்கு யாராவது ஒரு வியோலா கடன் கொடுத்தால் மொஸார்ட், ஷூமான், புரூக் எல்லாம் உங்களுக்குத் திறந்துவிடும். அந்தத் தாள்கள் எல்லாம் இலவசம். வியோலாவின் க்ளெஃப் (எந்தக் கோட்டில் எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) பழக அவருக்குச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். ஆனால் கே. 498இன் சில பதிப்புகளில் வயலின் பகுதியும் கூட இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். 1788இல் வியன்னாவின் அர்தாரியா பதிப்பகம் அதை முதலில் வெளியிட்டபோது சேர்த்த வயலின் பகுதி கிளாரினெட்டுக்கு மாற்று. வியோலாவின் பகுதியோ வயலினின் அடித்தந்திக்கும் கீழே இறங்கும், அதை அப்படியே வயலினில் வாசிக்க வழியில்லை.