கத்தியில் குறை இல்லை, பிடியில்தான்

வாசகர் கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம். போன மழையில் முறிந்த மரக்கிளையைக் கொடுத்து, பட்டறையில் அடித்த கவாத்துக் கத்திக்குப் பிடி போட்டு வாங்கினேன். சேலம் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாதத்தில் பிடி வெடித்து ஆடுகிறது. 'கஞ்சமலை இரும்பு, அசல் ஈட்டி மரப் பிடி' என்று ஒருவர் 4,500 ரூபாய்க்கு வேறு கத்தி தருகிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள்.

கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பது உண்மை. 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பு ஆலைக்குச் சேலம் பக்கத்துத் தாது போயிருக்கிறது. ஆனால் இன்று எந்தப் பட்டறைக்காரர் உட்கார்ந்து தாது உருக்குகிறார்? அவர் அடிப்பது லாரி ஸ்பிரிங் பட்டை. அது நல்ல சரக்கு, கத்திக்குப் போதும். பட்டையை மலை இரும்பாக்குவது இடையில் நிற்கும் தரகர். இன்னும் சிலர் 'சேலம் ஸ்டீல்' என்று பளபளப்பான தகட்டைக் காட்டுவார்கள். பாத்திரத்துக்குப் போகும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை எத்தனை முறை பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் இறுகாது. சந்தேகமாக இருந்தால் கத்தி வாயில் அரத்தை இழுத்துப் பாருங்கள். மெழுகில் இறங்குவதுபோல் கடித்தால் பதம், அதாவது இறுக்கம், ஏறவில்லை என்று அர்த்தம்.

உங்கள் பிடிக்கு வருவோம். குற்றம் மரத்தின் ஈரத்தில். மேலே மலையில் குளிரும் ஈரமும், கீழே சேலத்தில் சித்திரை வெயில். மரம் காயும்போது அகலவாக்கில் சுருங்கும். பிடியைச் சுற்றி மாட்டும் வளையமான பூணும், பிடிக்குள் இறங்கும் கத்தியின் வாலான காம்பும் இரும்பு, அவை சுருங்காது. அதனால் வெளியே பூண் தளர்கிறது, உள்ளே காம்பு விட்டுக்கொடுக்காததால் மரம் வெடிக்கிறது.

எந்த மரம் என்று கவலைப்பட வேண்டாம். புளி, கருவேலம், வாகை எதுவானாலும் வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் நிழலில் காய வேண்டும். வெட்டு முனைகளில் மெழுகு தடவுங்கள். அப்புறம் வாரம் ஒருமுறை மளிகைத் தராசில் எடை போடுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை இறங்காவிட்டால் மரம் தயார்.

பழைய கட்டில் கால், நிலைக்கட்டை என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். ஆனால் அதுவும் ஏற்காட்டு வீட்டில் கிடந்த கட்டை என்றால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்திருக்கும். கீழே கொண்டுவந்து மூன்று வாரமாவது வீட்டுக்குள் போட்டு வையுங்கள். சேலத்தில் காய்ந்த கட்டையை மலைக்குக் கொண்டுபோனால் கவலை இல்லை, அது கொஞ்சம் ஊதி இன்னும் இறுகும். மலைக் கட்டையைக் கீழே காயப் போட மறந்துதான் என் முதல் பிடியை நான் வெடிக்க விட்டேன்.

ஈட்டி ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் தோட்டத்து மரமே ஆனாலும் வனத்துறைப் பாஸ் கேட்பார்கள். அந்தக் கையெழுத்துக்கு நடக்கிற நேரத்தில் பத்துப் பிடி செதுக்கிவிடலாம். பாஸ் காட்டாமல் 'ஈட்டி' விற்பவரிடம் இருப்பது பெரும்பாலும் சாயம் பூசிய கட்டை. ஈரத்துணியால் தேயுங்கள், துணி சிவக்கும்.

மாட்டும்போது காம்பைப் பழுக்கவைத்து அப்படியே மரத்துக்குள் இறக்கச் சொல்லாதீர்கள். சுற்றிலும் கரியாகி, அந்தக் கரி உதிர்ந்ததும் மறுபடி ஆடும். காம்பைவிடச் சற்றுச் சிறிய துளை போடட்டும். அலகை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, காம்பை மிதமாகச் சுடவைத்து, அரக்கு விட்டு இறக்கட்டும். அலகு சூடேறினால் பதம் போய்விடும்.

இப்போதைய பிடியைத் தண்ணீரில் ஊற வைத்து இறுக்கப் பார்க்காதீர்கள். நாலு நாள் நிற்கும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். பூணைக் கழற்றி வைத்துவிட்டு, பிடியை விறகுக்குப் போடுங்கள்.