கச்சாச் சர்க்கரையை வெள்ளையாக்க பிளீச்சிங் பவுடர் போடுகிறார்களா?

இல்லை. இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்ணாரப்பேட்டையில் அம்மா பலகாரம் செய்து விற்றார். தீபாவளி நெருங்கினால் கொத்தவால் சாவடியிலிருந்து சர்க்கரை மூட்டை வந்து இறங்கும். பாகு கொதிக்கும்போது ஒரு கரண்டி பால் விடுவார். அழுக்கெல்லாம் சாம்பல் நிற நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வழித்து எறிந்தால் பாகு கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். சர்க்கரை சுத்திகரிப்பின் உயிர்நாடி இதுதான்.

கச்சாச் சர்க்கரை என்பது இன்னும் சுத்திகரிக்காத சர்க்கரை. அதன் பழுப்பு நிறம் பெரும்பாலும் பரலின் (படிகத்தின்) மேல் ஒட்டிய கழிவுப்பாகிலிருந்து (மொலாசஸ்) வருவது. ஆலையில் முதலில் அந்தச் சர்க்கரையைக் கெட்டியான சர்க்கரைப் பாகிலேயே அலசுகிறார்கள். தண்ணீரில் அலசினால் சர்க்கரையும் கரைந்து ஓடிவிடும் அல்லவா! அலசியதை வேகமாகச் சுழலும் சல்லடைக் கூடையில் சுற்றி எடுத்து, வெந்நீரில் கரைக்கிறார்கள். அம்மா பால் விட்ட இடத்தில் அங்கே பாஸ்பாரிக் அமிலமும் சுண்ணாம்பும். இரண்டும் சேர்ந்து உண்டாகும் திரள், அழுக்கைப் பிடித்துக்கொண்டு காற்றுக் குமிழிகளோடு மிதக்கும். சில ஆலைகளில் சுண்ணாம்போடு கரியமில வாயுவைச் செலுத்துவார்கள். மிச்ச நிறத்தைக் கரியோ அயனிப் பரிமாற்றப் பிசினோ உறிஞ்சிவிடும். வெளிநாட்டு ஆலைகள் சிலவற்றில் அந்தக் கரி மாட்டெலும்பிலிருந்து செய்யப்படுகிறது. ‘சர்க்கரை சைவம்தானா?’ என்று சைவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானதே. பிறகு காற்றை உறிஞ்சிய கலத்தில், 100 டிகிரிக்கு வெகு கீழேயே கொதிக்கவைத்துப் பரலாக்கி உலர்த்துகிறார்கள். சூடு குறைவு என்பதால் சர்க்கரை கருகாது.

ஆனால் நம் மளிகைக் கடைச் சர்க்கரையில் பெரும்பகுதி இந்த வழியில் வருவதில்லை. இந்திய ஆலைகள் பலவும் கரும்புச் சாற்றிலேயே சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்து, நேரடியாக வெள்ளைச் சர்க்கரை எடுக்கின்றன. கந்தகப் புகைக்கு நிறம் நீக்கும் குணம் உண்டு. பிளீச்சிங் பேச்சில் உண்மை ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்த அளவுதான்.

எங்கள் பாட்டி வெள்ளைச் சர்க்கரையை ‘அஸ்கா’ என்றே சொல்வார். 1936 வரை சென்னை மாகாணத்தில் இருந்த கஞ்சம் மாவட்டத்து ஊர் அது. அங்கிருந்த ஆலையின் சர்க்கரையால் வந்த பெயர்.

இப்போது நான் சுத்திகரித்த சர்க்கரையில் பாகு வைக்கிறேன். பழக்கத்தில் பால் விடுகிறேன். ஒதுங்கும் நுரை வெள்ளையாகவே இருக்கிறது.