ஸ்கேன் நார்மல் என்றால் நோய் இல்லையா?

புதுச்சேரியில் எம்.ஆர்.ஐ., சி.டி. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. படத்தை மட்டும் பார்த்து என்னால் பாதிதான் சொல்ல முடியும். மீதி, நோயாளியும் வீட்டாரும் சொல்லும் விவரத்தில் இருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் அந்தப் பாதியைப் பற்றியவைதான்.

அப்பாவுக்கு 66 வயது. காலையில் எழுந்தபோது வாய் கோணி, வலது கையைத் தூக்க முடியவில்லை. சி.டி. எடுத்து ‘நார்மல்’ என்றார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் மூளையில் அடைப்பு என்கிறார்கள். முதல் ஸ்கேனைச் சரியாகப் பார்க்கவில்லையா, டாக்டர்? – மஞ்சக்குப்பம் வாசகி

உங்கள் கோபம் புரிகிறதம்மா. ஆனால் இரண்டு அறிக்கையுமே சரியாக இருக்கலாம்.

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் வெடித்துக் கசிவது ஒரு வகை. ரத்தக்கட்டி குழாயை அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. கசிந்த ரத்தம் சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பு அப்படியில்லை. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் மூளைப் பகுதி முதல் சில மணி நேரம் பெரும்பாலும் பக்கத்துப் பகுதியைப் போலவேதான் இருக்கும். பின் எதற்கு சி.டி.? கட்டியைக் கரைக்கும் ஊசியை, ரத்தக்கசிவு இருப்பவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் கசிவு இல்லை என்று சில நிமிடங்களில் உறுதி செய்துகொள்ளத்தான் முதலில் சி.டி. அந்த ‘நார்மல்’ என்பதற்கு, கசிவு இல்லை என்றுதான் பொருள். பக்கவாதம் இல்லை என்று பொருள் இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் ‘டிஃப்யூஷன்’ என்று ஒரு படம் எடுப்போம். அது திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று பார்க்கிறது. ரத்தம் நின்ற இடத்தில் செல்கள் வீங்கி, நீர் அசைய இடமில்லாமல் போகும். அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். அடைப்பு வந்து சில நிமிடங்களிலேயே.

அப்பாவை எத்தனை மணிக்குக் கொண்டுபோனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. கரைக்கும் ஊசிக்கு பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அதுவும் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை, அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்து. தூக்கத்தில் வந்திருந்தால் இரவு படுத்த நேரத்திலிருந்து எண்ணுவார்கள். அந்தக் கெடு தாண்டியவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடுவது உண்டு. பெரிய குழாய் அடைத்திருந்தால், தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் வழியாகக் கட்டியை வெளியே எடுக்க முடியும் என்று 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நேரத்துக்குள் போயும் இவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கி.மீ.தான். பல குடும்பங்களில் நேரம் போவது சாலையில் இல்லை, வீட்டில். தைலம் தேய்த்து, ஊரிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, ஒரு வாய் காபி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். அந்தக் காபியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். பெரிய குழாய் அடைத்திருந்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது 2006-இல் போட்ட கணக்கு.

மகனுக்கு 14 வயது. ஒருமுறை வலிப்பு வந்தது. மூளையில் புழுக்கட்டி என்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம். எப்படி வரும்? – நெல்லிக்குப்பம் ஆசிரியை

சைவக் குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறோம். சரியாக வேகாத பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவரின் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரிய தொந்தரவே இல்லாமலும் இருக்கலாம். அவர் மலத்தில் வெளியேறும் முட்டைகள் மண், தண்ணீர், கழுவாத கை வழியாக இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கும். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லியோ கேரட்டோ போதும். உங்கள் சமையலில் குற்றம் தேடாதீர்கள்.

படத்தில் இது ஒரு சின்ன மோதிரம் போலத் தெரியும். சில சமயம் உள்ளே ஒரு புள்ளி. அதுதான் புழுவின் தலை. புள்ளி தெரிந்துவிட்டால் எங்களுக்குச் சந்தேகம் தீர்ந்தது. தெரியாவிட்டால் காசநோய்க் கட்டியும் இதே மோதிர வடிவில்தான் இருக்கும் என்பதால் குழப்பம் வரும். ஒரு காலத்தில் இப்படிப் பலருக்குக் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள், சிலருக்கு அறுவை சிகிச்சையும் செய்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் இரண்டையும் பிரித்தறியும் அளவுகோலை வெளியிட்டார்கள். ஒற்றைக் கட்டி, 20 மி.மீ.க்கு மேல் இல்லை, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளும் வீக்கம் இல்லை, நாளுக்கு நாள் மோசமாகும் கை கால் பலவீனம் இல்லை என்றால் பெரும்பாலும் புழுக்கட்டிதான். நம் பக்கத்து ஊரில் பிறந்த இந்த அளவுகோலை இன்றும் நான் அறிக்கை எழுதும்போது மனதில் ஓட்டிப் பார்க்கிறேன்.

ஒற்றைக் கட்டி பல பிள்ளைகளுக்கு மாதங்களில் தானாகவே சுருங்கி மறைகிறது. வலிப்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பூச்சி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களே வாங்கியும் கொடுக்காதீர்கள். மூளைக்குள் புழு சாகும்போது வீக்கம் கூடும். கண்ணைப் பரிசோதித்த பிறகு, ஸ்டீராய்டு சேர்த்துத்தான் தருவார்கள்.

எம்.ஆர்.ஐ.க்குத் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்குமா? – வில்லியனூர் வாசகி

தங்கத்தை இழுக்காது. தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கை இழுக்கும். 1.5 டெஸ்லா (காந்த வலிமையை அளக்கும் அலகு) காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தங்க நகையும் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். ஆண்கள் அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்தை மறந்துவிடுவார்கள். நாங்கள் தொட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்.

சிப்காட் பக்கம் கிரைண்டிங், வெல்டிங் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். எப்போதோ கண்ணில் தெறித்த இரும்புத் துகள் இன்னும் உள்ளே இருந்தால், காந்தத்தில் அது நகர்ந்து பார்வையே போய்விடக்கூடும். அதனால் முதலில் கண் பகுதிக்கு ஓர் எக்ஸ்ரே எடுப்போம்.

யானைக்கால் பரிசோதனைக்கு ஏன் நள்ளிரவில் ரத்தம் எடுத்தார்கள்? – பாகூர் வாசகர்

யானைக்காலை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரைதான் தோலுக்கு அருகில் ஓடும் ரத்தத்துக்கு அதிகமாக வரும். கொசு கடிக்கும் நேரமும் அதுதான். விரல் நுனி ரத்தத்தைச் சிறு சோதனை அட்டையில் சொட்டுவிட்டுப் பார்க்கும் பரிசோதனை வந்த பிறகு பகலிலும் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் தாய்ப்புழு நிணநீர்க் குழாய்க்குள் நெளிவது நேரடியாகவே தெரியும். அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘ஃபைலேரியா நடனம்’. ஒருமுறை திரையில் பார்த்தால் மறக்காது.

இனி கம்ப்யூட்டரே ஸ்கேன் பார்த்துவிடும் என்கிறார்களே? – லாஸ்பேட்டை மாணவர்

சில வேலைகளில் இப்போதே பார்க்கிறது, நல்லதுதான். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்பு எக்ஸ்ரேயில் காசநோயைச் சலித்தெடுக்க இத்தகைய மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் அமெரிக்காவில் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படியுங்கள். நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய நிரல், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் படத்திலிருந்தே அறிந்துகொண்டது. நிமோனியா நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்தால் நுரையீரலைப் பார்க்காமலே ஓரளவு ஊகித்துவிடலாமே. வேறு இடத்துப் படங்களைக் கொடுத்தபோது அதன் திறமை குறைந்தது. நம் ஊர்ப் படங்களில் சோதித்துப் பார்த்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மூளை ஆராய்ச்சிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கத் தன்னார்வலர் கேட்கிறார்கள். போகலாமா? நான் நினைப்பது படத்தில் தெரிந்துவிடுமா? – கல்லூரி மாணவி, புதுச்சேரி

தாராளமாகப் போங்கள். எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. வண்ண வண்ணமாக மூளை ஒளிரும் படங்கள் எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை. எந்த இடத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மாறியது என்பதைக் கணக்குப் போட்டு வரைந்தவை. கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்று காட்ட, 2009-இல் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனுக்குள் வைத்தார்கள். சரியான திருத்தம் செய்யாத கணக்கில் அதன் மூளையும் ‘வேலை செய்தது’.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: ஏதாவது எதிர்பாராமல் தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா, யார் சொல்வார்கள்? எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் 100 பேரில் சுமார் 3 பேருக்கு ஏதோ ஒன்று தென்படுகிறது, பெரும்பாலும் ஆபத்தில்லாதது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும்.