வாசகர் கேள்வி பதில்: சந்தேகத்தின் பலன்

கேள்வி: 'இன் த ஃபேட்' என்ற ஜெர்மானியப் படத்தில், குண்டுவெடிப்பில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த கத்யா நீதிமன்றத்தை நம்பிப் போகிறாள், குற்றம்சாட்டப்பட்ட நவநாஜித் (இட்லரின் இனவெறிக் கொள்கையை இன்றும் பின்பற்றும்) தம்பதியோ விடுதலை பெறுகிறார்கள். குற்றம் அத்தனை தெளிவாக இருந்தும் அப்படியொரு தீர்ப்பு வருமா?

பதில்: தாராளமாக வரும். வெடிபொருள்களைக் கண்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட கணவனின் தந்தையே சாட்சி சொல்கிறார். சம்பவ இடத்தில் சைக்கிளை நிறுத்திச் சென்ற பெண்ணைப் பார்த்ததாகக் கத்யா சொல்கிறாள். அந்தத் தம்பதி அப்போது கிரேக்கத்தில் தன் விடுதியில் தங்கியிருந்ததாக வேறொருவர் சொல்கிறார். கத்யா போதைப்பொருள் பயன்படுத்தியவள் என்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டதும், கண்ணால் கண்ட சாட்சியமே வலுவிழந்துவிடுகிறது. எஞ்சும் சந்தேகத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கே சேர வேண்டும் என்பதால், மனம் கசந்தாலும் அந்தத் தீர்ப்பைச் சட்டப்படி குறை சொல்ல இயலாது.

என்னைக் கேட்டால், படத்தின் உயிர் நீதிமன்றத்துக்கு முந்தைய பகுதியில்தான் இருக்கிறது. கத்யாவின் கணவன் குர்து இனத்தவன், போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றவன் என்பதால், துக்கம் ஆறுவதற்குள் விசாரணை இறந்தவனையே துருவத் தொடங்குகிறது. இதில் மிகையேதும் இல்லை. ஜெர்மனியில் 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைக் கொன்ற நவநாஜிக் கும்பல் 2011 நவம்பரில் அம்பலமாகும் வரை, பெரும்பாலும் துருக்கிய வம்சாவளியினரான அந்தப் பலியானவர்களின் குடும்பங்களையே காவல்துறை பல ஆண்டுகள் சந்தேகித்து விசாரித்தது. இயக்குநர் ஃபாத்தி அக்கினுக்கு இந்தப் படத்தை எடுக்கத் தூண்டுதலாக இருந்தவை அந்தக் கொலைகளே.

கேள்வி: அப்படியானால் அவள் தானே தண்டிக்கப் புறப்படுவது நியாயம்தானா?

பதில்: (படம் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.) கொலையாளிகளோடு தன்னையும் மாய்த்துக்கொள்ளும் அவளுடைய துயரம் எனக்குப் புரிகிறது, 2017 கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது பெற்ற டயான் குரூகர் அதைப் புரியவைத்துவிடுகிறார். ஆனால் கதை அவசரப்பட்டுவிட்டது. ஜெர்மானியச் சட்டத்தில், கொலையுண்டவரின் பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் வாழ்க்கைத்துணையும் அரசுத் தரப்புடன் துணைவாதிகளாகச் சேர்ந்து, சொந்த வழக்கறிஞர் மூலம் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். படத்தில் அவள் வழக்கறிஞருடன் அமர்ந்திருப்பது இந்த உரிமையால்தான். அப்படியிருக்க, மேல்முறையீடு என்ற வழியைத் திரைக்கதை பெயருக்குத் தொட்டுவிட்டு நகர்கிறது.

படம் வெளிவந்தபோது, அந்த நவநாஜிக் கும்பலின் மீது 2013 மே மாதம் மியூனிக்கில் தொடங்கிய வழக்கு முடிந்திருக்கவில்லை. 2018 ஜூலையில் முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்த பின்னரும், கும்பலுக்கு உதவியவர்கள் வேறு யார் யார், அரசு அமைப்புகள் ஏன் இத்தனை காலம் கண்டுகொள்ளவில்லை என்று குடும்பங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. தண்டனை கிடைத்தும் விடை கிடைக்காத அந்த நிலையைப் பழிவாங்கலில் முடியும் கதையால் தொடவே இயலாது.